கோப்பிலிருந்து காது வரை

உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பாட்டுப் போடும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் கும்மி, பரிசளிப்பின்போது மெல்லிய வாத்திய இசை, கடைசியில் எல்லோரும் ஆடுவதற்குச் சில பாட்டுகள் என எல்லாம் உங்கள் கையில். மைக் செட்காரர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டார். பாட்டுகள் பென் டிரைவில் இருக்கின்றன. இனி ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதானே என்று தோன்றும்.

அவ்வளவு எளிதன்று. பாட்டு ஒரு கோப்பாகப் புறப்படுகிறது. மடிக்கணினி அதை மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலை மிக்சர், ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி எனக் கைமாறி, காற்றின் வழியாகக் காதுக்குப் போய்ச் சேருகிறது. இந்தப் பயணத்தில் ஒரு விதி உண்டு: ஓர் இடத்தில் இழந்ததை அதற்கு அடுத்த இடம் மீட்டுத் தராது. பழைய பாலைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றினால் பால் புதிதாகிவிடுமா? ஒலியும் அப்படித்தான். விழாக்களில் ஒலி கெடுவதற்குப் பெரும்பாலும் இந்த விதியை மறப்பதே காரணம்.

கோப்பில் என்ன இருக்கிறது?

முதலில் குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒலியலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. ஏன் இத்தனை முறை? நல்ல செவிக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வை எண்களால் சரியாகக் குறிக்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலாக அளவெடுக்க வேண்டும். ஆகவே 40,000க்குச் சற்று மேலே வைத்தார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 14,11,200 பிட் வரும். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட்.

இன்றைக்கு இது பெரிதாகத் தெரியாது. 1980களின் இறுதியிலோ இது மலைக்க வைக்கும் அளவு. அந்த நாளில் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் இதைச் சுருக்கும் வழியைத் தேடினார்கள். அவர்கள் நம்பியது கணினியின் திறமையைவிட நம் செவியின் குறையை! தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது உங்களுக்குக் கேட்கிறதா? இல்லை. பெரிய ஒலி, தன்னை அடுத்த சிறிய ஒலியை மறைத்துவிடுகிறது. கேட்காத ஒலியை எழுதி வைப்பானேன்? ஒரு வினாடி இசையைச் சுமார் 38 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் செவிக்கு எது எட்டாது என்று கணக்கிட்டு, அதைத் தள்ளிவிட்டு எழுதும் முறையே எம்.பி.3. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் இந்த வாலை 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள்.

இந்த முறையைச் சோதிக்க பிராண்டன்பர்க் பயன்படுத்திய பாட்டுகளுள் ஒன்று, அமெரிக்கப் பாடகி சுசேன் வேகா வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்'. தனிக்குரலில் பிழைகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. அது கெடாமல் வருகிறவரை கணக்கை மாற்றி மாற்றி எழுதினார்.

எவ்வளவு தள்ளலாம் என்பது கோப்பைத் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. வினாடிக்கு 128 கிலோபிட் என்றால் அதே ஐந்து நிமிடப் பாட்டு 4.8 மெகாபைட்டில் அடங்கும். பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 320 கிலோபிட் என்றால் 12 மெகாபைட். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பெரிய ஒலிபெருக்கியில் தெரியும். ஜால்ராவின் நீண்ட ஒலி தகரத்தை உரசுவதுபோல் வரும். கஞ்சிராவின் கூரிய அடி மழுங்கிப்போகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 128 கிலோபிட் கோப்பை ஒரு மென்பொருளில் போட்டு 320 ஆக மாற்றிவிட்டு, தரம் உயர்ந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். உயர்வது கோப்பின் எடை மட்டுமே. தள்ளிய ஒலி தள்ளியதுதான். மேலும், ஒவ்வொரு முறை திரும்பச் சுருக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகிறது. செய்தி அனுப்பும் செயலிகளில் காணொளியாக அனுப்பிய பாட்டுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். நண்பரிடம் வாங்கும்போது 'ஆவணமாக அனுப்பு' என்று கேளுங்கள். அல்லது பென் டிரைவிலேயே வாங்கிவிடுங்கள். 60 பாட்டுகளை 320 கிலோபிட்டில் வைத்தாலும் 720 மெகாபைட்தான் ஆகும். கைவிரல் அளவுப் பென் டிரைவில் 32 ஜிகாபைட் கிடைக்கும் இந்நாளில் இதற்குமேல் சிக்கனம் பிடிப்பதில் பொருளில்லை. எதையும் தள்ளாமல் மடித்து வைக்கும் 'ஃபிளாக்' என்ற முறையும் உண்டு. அதில் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். விரித்தால் ஒரு பிட் குறையாமல் பழையபடி வரும். உங்கள் பள்ளிச் சேர்ந்திசைக் குழுவைப் பதிவு செய்தால் மூலத்தை இப்படியே வையுங்கள்.

பெயர் வைக்கும் கலை

மேடையில் அறிவிப்பாளர், "அடுத்து கும்மி" என்கிறார். உங்கள் திரையில் 'பாட்டு புதியது', 'பாட்டு புதியது 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று நான்கு கோப்புகள். எது கும்மி?

நிகழ்ச்சி வரிசை எண், வகுப்பு, பாட்டின் முதற்சொல் என்று பெயர் வையுங்கள். எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லையெனில் சில கருவிகள் 1, 10, 11, 2 என்று எழுத்துக் கணக்கில் அடுக்கிவிடும். எம்.பி.3 கோப்புக்குள்ளேயே பாடகர், படம், ஆண்டு எழுத இடமுண்டு. அங்கே ஒருவரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவது முக்கியம். இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். கணினிக்கு அவர்கள் மூன்று நான்கு பேர்!

கோப்பு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது இருப்பதாகவே எண்ணாதீர்கள். இரண்டு பென் டிரைவ்கள் வேண்டும். ஒன்று உங்கள் பையில், மற்றொன்று வேறொரு மாணவரின் பையில். மூன்றாவது படி வீட்டுக் கணினியில். முதல் நாளே எல்லாப் பாட்டையும் விழாவில் வைக்கப்போகும் அதே கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியிலிருந்து போடுவதாயின் அதை விமான நிலையில் வையுங்கள். பரதநாட்டியத்தின் நடுவே யாரோ ஒருவரின் அழைப்பு மணி அரங்கம் முழுதும் ஒலிப்பது நாட்டியக்காரருக்கு நல்லதன்று.

சிவப்பு விளக்கின் பொருள்

மிக்சரில் ஒவ்வொரு தடத்துக்கும் சிறு விளக்குகள் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் சத்தம் நன்றாக வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அபாயக் குறி.

ஒரு மின்சுற்று 10 வோல்ட் உயரம் வரைதான் அலையை எழுப்ப வல்லது என்று கொள்வோம். நீங்கள் 14 வோல்ட் உயர அலையைக் கேட்டால் அது என்ன செய்யும்? 10 வரை எழுப்பும். அதற்குமேல் வரவேண்டிய முடியைக் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக்கும். வளைந்த அலை சதுரத்தை நெருங்குகிறது. சதுர அலையில் மூல அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கும், அதுதான் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயரே இப்படிச் சீவத் தொடங்கினால், ஒலிபெருக்கிப் பெட்டியில் உச்ச ஒலிக்கென்றே உள்ள சிறிய ட்வீட்டர் தாங்கும் அளவுக்கு மேல் ஆற்றல் அதற்குப் போய்ச் சேரும். அதன் மெல்லிய கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும்.

மிக்சரில் சிவப்பு எரிந்துகொண்டிருக்க, ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் குறைத்தால் சரியாகுமா? நமது விதியை நினைவுகூருங்கள். சீவப்பட்ட அலை சிறியதாகும். கரகரப்பு அப்படியே இருக்கும். எந்தப் பெட்டியில் சிவப்பு எரிகிறதோ, அந்தப் பெட்டியின் உள்வரும் அளவைத்தான் குறைக்க வேண்டும். கோப்பு, மடிக்கணினி, மிக்சர், ஆம்ப்ளிஃபயர் என்று முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

கடைசியில் எல்லோரும் ஆடும் பாட்டுகளுக்கு வருவோம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஆட்டம் நின்றுவிடக்கூடாது. டி.ஜே.யின் வேலை இதுதான். அவரிடம் இரண்டு ஒலிமூலங்கள் உண்டு. ஒன்று சபைக்கு ஒலிக்க, மற்றதை அவர் தலையணி ஒலிபெருக்கியில் கேட்டுத் தயார் செய்கிறார். 1972இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்ற இசைத்தட்டுச் சுழலியை வெளியிட்டது. அதில் வார் கிடையாது. மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். அதனால் தட்டு ஒரு நொடியில் வேகம் பிடித்தது. வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்கவும் முடிந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு விருந்து நடந்தது. சகோதரி பள்ளிக்குப் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஏற்பாடு செய்த அந்த விருந்தில் பாட்டுப் போட்டவர் கூல் ஹெர்க் என்ற 18 வயது இளைஞர். தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுபவர்கள் மிகவும் துள்ளுகிறார்கள் என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழற்றி அந்தப் பகுதியை நீட்டும் முறையை வளர்த்தார். ஹிப் ஹாப் இசைக்கு அந்த இரவையே பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நிமிடத்துக்கு 120 தாளமுள்ள பாட்டிலிருந்து 126 தாளமுள்ள பாட்டுக்குப் போக, முதற்பாட்டின் வேகத்தை 5 விழுக்காடு கூட்ட வேண்டும். இசைத்தட்டில் அப்படிக் கூட்டினால் சுருதியும் ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். இன்றைய மென்பொருள், வேகத்தை மட்டும் மாற்றிச் சுருதியை நிறுத்தி வைக்கிறது. சிறிய மாற்றத்துக்கு இது நன்று. பெரிதாக இழுத்தால் குரல் நடுங்கும்.

முன்வரிசைக் குழந்தைகள்

இனி ஒலிபெருக்கி. விழா ஏற்பாட்டில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான் என்பது என் கருத்து.

ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் 97 டெசிபல் தரும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஆகவே 100 வாட் கொடுத்தால் 117 டெசிபல். 200 வாட் கொடுத்தால்? இரு மடங்குக்கு 3 டெசிபல்தான் கூடும், 120. "இரட்டிப்பு வாட்" என்று காசு கொடுத்தவருக்குச் சற்றே ஏமாற்றந்தான். தொலைவோ இதற்கு நேர் எதிராகக் கடுமையானது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும். 117 டெசிபல் ஒலி, 32 மீட்டரில் 87 ஆகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர், "இன்னும் கொஞ்சம் சத்தம் வையுங்கள்" என்கிறார். அதே நேரத்தில் பெட்டிக்கு முன்னால் 2 மீட்டரில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காதில் விழுவது 111 டெசிபல்!

85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்குப் பரிந்துரைத்த ஓர் அளவு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி. 111 டெசிபலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். உங்கள் விழாவோ மூன்று மணி நேரம். உட்செவியின் நத்தைச் சுருளில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் காதுக்குச் சுமார் 15,000 உள்ளன. கோழிக்கு இச்செல்கள் அழிந்தால் திரும்ப வளர்கின்றன. மனிதனுக்கு வளர்வதில்லை. நமது விதி இங்கே மிகக் கொடியதாகிவிடுகிறது. விழா முடிந்து காதில் 'கொய்ங்' என்று கேட்பது, அந்தச் செல்கள் வருந்தியதன் அடையாளம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்கு வகுத்த உச்ச அளவு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்.

வழி என்ன? சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒலிபெருக்கியை இடம் மாற்றுங்கள். உயரமான தாங்கியில் ஏற்றிச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள தொலைவு வேறுபாடு குறையும். முன் இரண்டு வரிசைகளைப் பின்னால் தள்ளுங்கள். மைதானம் நீளமானால் நடுவில் இன்னொரு சோடி வைத்து எல்லாவற்றையும் மெதுவாக ஒலிக்க விடுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 35 மீட்டரில் வைத்த சோடியின் ஒலி, மேடை ஒலியைவிடப் பத்தில் ஒரு வினாடி முந்திக்கொள்ளும். தலைமையாசிரியர் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சொல்வதுபோல் கேட்கும். டிஜிட்டல் மிக்சரில் அந்தச் சோடிக்கு மட்டும் அதே அளவு தாமதம் கொடுக்கலாம்.

மைக் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் இருக்கட்டும்; முன்னால் வந்தால் தன் ஒலியைத் தானே கேட்டு ஊளையிடும். 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் மைக் கம்பியை மின்கம்பியை விட்டு விலக்குங்கள். ஒட்டிச் செல்லாமல் குறுக்கே கடக்கட்டும். இரவு 10 மணிக்குமேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உள்ள விதி. பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையும் தேர்வுக்குப் படிப்பவரும் இருப்பார்கள். பத்து மணி வரை காத்திருக்காமல் முன்னதாகவே முடிப்பது நல்லது.

பெட்டிகளைப் போடும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போடுங்கள். அணைக்கும்போது அதை முதலில் அணையுங்கள். மாறிச் செய்தால் மிக்சரின் மின்துடிப்பு பெருகி 'டொம்' என்று ஒலிபெருக்கியைத் தாக்கும். அதன்பின் பென் டிரைவைக் கணினியிடம் சொல்லிக்கொண்டு கழற்றுங்கள். கம்பிகளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல், அவற்றின் இயல்பான வளைவிலேயே தளர்வாகச் சுருட்டி மைக் செட்காரரிடம் கொடுங்கள். அடுத்த விழாவுக்கு அவர் உங்களைத் தேடி வருவார்.