வகுப்பறை வாசலில் மாறிய விதி

வடக்கே பி.எட். முடித்து வெளியே வரும் இளைஞர் முதலில் போய்ச் சேருவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல, பயிற்சி மையத்துக்கு. பாட்னாவின் முசல்லாபூர் ஹாட்டிலும் பிரயாக்ராஜின் சலோரியிலும் அதற்கென்றே வாடகை அறைகள் இருக்கின்றன. பட்டம் மட்டும் போதாது. கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் அமலுக்கு வந்த பிறகு தகுதித் தேர்வும் கட்டாயம்: பொதுப் பிரிவினருக்கு 150-க்கு 90 மதிப்பெண். அதில் தேறினாலும் வேலை இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்க அனுமதி, அவ்வளவுதான். மத்திய அரசுத் தகுதித் தேர்வின் சான்றிதழே ஏழு ஆண்டுகளில் காலாவதியாகிக்கொண்டிருந்தது. ஆயுள் முழுவதும் செல்லும் என்று அறிவிக்க 2021 ஆகிவிட்டது.

இதெல்லாம் பழகிப்போன தொல்லை. படித்து முடித்த பிறகு விதியே மாறுவதுதான் பழகாதது.

2018 ஜூன் 28 அன்று ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தலாம். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாதப் பயிற்சி பெற்றால் போதும் என்றது. அதுவரை அந்த வேலை, தொடக்கக் கல்விப் பட்டயமான டி.எல்.எட். படித்தவர்களுக்கு உரியதாக இருந்தது. பி.எட். பட்டதாரிகள் பெரும் எண்ணிக்கையில் உள்ளே நுழைய, பட்டயக்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு ராஜஸ்தானில் வெடித்தது. 2021 நவம்பரில் அம்மாநில உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சின்னக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனி வித்தை, பி.எட். அதற்கான படிப்பல்ல என்பது நீதிபதிகளின் வாதம். அதில் தவறு காண்பது கடினம். ஆனால் அரசு அமைப்பே திறந்துவிட்ட கதவை நம்பி ஐந்தாண்டுகள் படித்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

தீர்ப்பு வந்த 13-ம் நாள் பீகாரில் 1,70,461 ஆசிரியர் பணியிடங்களுக்கான தேர்வு தொடங்கியது. தொடக்கப் பள்ளி வேலைக்கு பி.எட். பட்டதாரிகளும் எழுதினார்கள். முடிவு வந்ததோ பட்டயக்காரர்களுக்கு மட்டுமே.

சத்தீஸ்கரில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே அவர்களுக்கு வேலையே கிடைத்துவிட்டது. பஸ்தர், சர்குஜா பகுதிகளின் பழங்குடிக் கிராமப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். நியமனம் தீர்ப்புக்குப் பிந்தையது என்பதுதான் சிக்கல். தீர்ப்புக்கு முன் சேர்ந்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் பாதுகாப்பு அளித்தபோதும் இவர்கள் அதில் அடங்கவில்லை. அதே மாதம் மாநில உயர் நீதிமன்றம் நியமனங்களை ரத்து செய்ய, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ஆண்டுக் கடைசியில் சுமார் 2,900 பேருக்குப் பணிநீக்க உத்தரவு. முதல் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கியவர், கல்யாணம் செய்தவர் என்றெல்லாம் அந்த ஆணை பார்க்கவில்லை.

நவ ராய்ப்பூரின் தூதா போராட்டத் திடலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மொட்டை அடித்துக்கொண்டார்கள், தண்ணீரில் இறங்கி நின்றார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று மாநில அமைச்சரவை இறங்கி வந்தது: 2,621 பேருக்கு உதவி ஆசிரியர் வேலை, ஆனால் அறிவியல் ஆய்வகத்தில். இவர்களில் கலைப் பிரிவில் படித்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வழி சொல்லப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியைக் கணிதம் அல்லது அறிவியலில் பெற்றுவிட வேண்டும். பட்டம், பி.எட்., தகுதித் தேர்வு, ஓராண்டுக்கும் மேற்பட்ட பணி அனுபவம் எல்லாம் முடித்தவர்கள் மறுபடி பிளஸ் டூ புத்தகத்தைத் தேடுகிறார்கள்.