துளையுள்ள வட்டில்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் சென்று வாழ்வோர், பூர்விக வீட்டைப் பிரிக்கும் காலத்தில் ஊருக்கு வருகின்றனர். பரணிலிருந்து உருளி, கிண்டி, கோளாம்பி, குத்துவிளக்கு என ஒவ்வொன்றாக இறங்கும். இவற்றின் பயனை எவரும் கூறிவிடுவர். ஆனால், மெல்லிய செப்புக் கிண்ணம் ஒன்று கிடைத்து, அதன் அடியில் ஊசிமுனையளவு துளையும் இருக்குமாயின், ‘ஓட்டைப் பாத்திரம்’ என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். அன்றேல் துளையைப் பற்றவைத்து அடைத்துவிடுகிறோம். அத்துளையே அப்பொருளின் உயிராக இருக்கலாம் என்பதை நாம் எண்ணுவதில்லை.

கடிகாரம் பரவுமுன் காலத்தை அளந்த நாழிகை வட்டில் இத்தகையதே. அகன்ற பாத்திரத்தில் தெளிந்த நீரை நிரப்பி, வெறும் வட்டிலை அதில் மிதக்க விடுவர். துளைவழியே நீர் சிறிது சிறிதாக உள்ளேறும். நிறைந்ததும் வட்டில் மூழ்கும். ஒருமுறை மூழ்கும் காலம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. 60 நாழிகை ஒரு நாள். சூரிய சித்தாந்தம் என்னும் வடமொழி வானநூல் இக்கருவியை விளக்குகிறது. நீரால் பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்போரை நம் முல்லைப்பாட்டும் காட்டுகிறது.

வடநாட்டில் வாழும் அன்பர்கள், கைக்கடிகாரத்தை அங்குள்ளோர் ‘கடி’ என்பதைக் கேட்டிருப்பர். நாழிகைக்கு வடமொழியில் வழங்கும் ‘கடிகா’ என்பதன் வழிவந்த சொல் அது; நம் ‘கடிகாரமும்’ அதன் உறவே. முன்னோர் ஜாதகங்களில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதியிருப்பது, சூரியோதயம் முதல் பிறப்பு வரை கடந்த நாழிகையைக் குறிப்பதாகும்.

துளையுள்ள பாத்திரமெல்லாம் நாழிகை வட்டில் ஆகுமோ? ஆகாது. பல துளைகள் இருப்பின் அது வடிதட்டாகவோ புட்டுக்குழலின் சில்லாகவோ இருக்கலாம். ஒரே துளையுடன், சங்கிலி கோக்கும் வளையங்களும் இருந்தால், சிவலிங்கத்தின்மேல் நீர் சொட்டுவதற்குத் தொங்கவிடும் தாராபாத்திரம் எனக் கொள்ளலாம். வளையமின்றி, இலேசாய், நீரில் சாயாமல் மிதப்பதே வட்டிலின் அடையாளம்.

ஐயம் தீர, அதை நீரில் மிதக்கவிட்டு நேரம் பார்க்கலாம். ஏறத்தாழ 24 நிமிடத்தில் மூழ்கினால் ஐயமில்லை. அழுக்கை நீக்குவதாக எண்ணித் துளையில் ஊசியை மட்டும் செலுத்தலாகாது. துளையின் விட்டம் இருமடங்கானால், 24 நிமிடம் ஏறக்குறைய 6 நிமிடமாகச் சுருங்கிவிடும். பின்னர் அது காலம் காட்டாது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றிச் சொற்களைப் பிரிக்கவில்லை. இப்பால் நாழிகை; அப்பால் நாழிக.

செம்பின் விலை எடையைப் பொறுத்தது. வட்டிலின் மதிப்போ அதிலுள்ள துளையைப் பொறுத்தது. ஆகவே, பழைய வீட்டுப் பாத்திரத்தைத் தராசில் வைக்குமுன், அதனை ஒருமுறை தண்ணீரில் வைத்துப் பார்ப்போமாக.