புரொஜெக்டர் வாங்கும் முன் அறையை அளந்துவிட்டீர்களா?

வீவக வீட்டு வரவேற்பறையில் 120 அங்குலத் திரையில் படம் பார்க்க ஆசைப்படுவோர் முதலில் அளக்க வேண்டியது சுவரை அன்று, அறையின் நீளத்தை. அந்தத் திரையின் அகலம் ஏறக்குறைய 2.66 மீட்டர். கருவியின் ‘த்ரோ ரேஷியோ’ 1.5 என்றிருந்தால், அகலத்தை அதனால் பெருக்குங்கள். கருவி 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சோபாவுக்குப் பின்னால் அவ்வளவு இடம் இல்லையா? 100 அங்குலம் போதும் என்று இருக்கலாம், அல்லது குறைந்த தொலைவிலேயே பெரிய படம் காட்டும் ‘ஷார்ட் த்ரோ’ கருவியை நாடலாம்.

அடுத்தது வெளிச்சம். 100லிருந்து 120 அங்குலத்துக்குப் போனால் திரையின் பரப்பு 44 விழுக்காடு கூடும். அதே ஒளி அதில் பரவுவதால் படம் மங்கும். மலிவான கருவியின் பெட்டியில் வெறும் ‘லூமன்ஸ்’ என்று ஐந்திலக்க எண்ணைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். ‘அன்சி லூமன்ஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ‘4கே சப்போர்ட்’ என்பதும் இதே கதைதான். 4கே படத்தைக் கருவி ஏற்கும், அவ்வளவே. திரையில் விழுவது 1080பி ஆக இருக்கலாம்.

பகலிலும் பார்ப்பவர்கள் கனத்த திரைச்சீலைக்கும் பணம் ஒதுக்குங்கள். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாது. வெளிச்சமான அறையில் இரவுக் காட்சியும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.