போனக்காடு கற்பிக்கும் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறிச் சென்றால், அகத்தியர்கூடத்திற்குச் செல்லும் பாதையில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். வெள்ளையர் காலத்தில் எழுந்த இத்தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் பலர் குடியேறினர். அவர்தம் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அங்குள்ள லயங்களிலேயே வாழ்ந்தனர். இன்றோ தேயிலை ஆலை ஓய்ந்து கிடக்கிறது.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? 1991இல் சோவியத் நாடு சிதறியபோது, இந்தியத் தேயிலைக்கு இருந்த பெருஞ்சந்தை தளர்ந்தது. 1990களின் இறுதியில் விலையும் வீழ்ந்தது. பீர்மேடு முதலிய இடங்களில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. போனக்காட்டிலும் சம்பளம் முதலில் தாமதமாயிற்று, பின்னர் தடைப்பட்டது, முடிவில் வேலையே நின்றது.

வேறிடம் போகலாகாதா என்று கேட்பது எளிது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே இடத்திலிருந்து வருவன. வீடும் மருத்துவமும் முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது நன்மையே. ஆயினும் அந்த ஒரு கால் முறிந்தால் பந்தல் முழுதும் சாய்ந்துவிடுகிறது. வரவேண்டிய பணிக்கொடை வராதிருக்க, லயத்தைக் காலிசெய்ய எவருக்குத்தான் மனம் வரும்?

பம்பாயிலும் பெங்களூரிலும் ஒப்பந்தக்காரர் தந்த அறையில் தங்கி உழைக்கும் நம்மில் பலருடைய நிலையும் இதுவே. ஆகவே மூன்று காரியங்களை வேலை இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவோம். ஐந்தாண்டு தொடர்ந்து பணிசெய்தவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் பணிக்கொடையாகும். கடைசி மாதச் சம்பளம் 13,000 ரூபாயானால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 7,500 ரூபாய் வரும். இருபது ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்குரிய பன்னிரண்டு இலக்க எண்ணையும் அறிந்திருப்போம். வேலை மாறும்போது அப்பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றினால் சேவைக் காலம் தொடரும். அந்நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுச் சேவை நிறைந்தவருக்கு 58 வயதில் ஓய்வூதிய உரிமை உண்டு.

இரண்டாவது, கைத்திறன். கொழுந்து பறிக்கும் விரல் தோட்டத்திற்கு வெளியே விலைபோவது அரிது. ஆலையின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்றவரோ எங்கும் பிழைப்பார். இருக்கும் வேலைக்கு அருகிலேயே உள்ள மற்றொரு தொழிலைக் கற்பதும், கற்றதற்குச் சான்றிதழ் பெறுவதும் நம் கடமை.

மூன்றாவது, காலம் அறிதல். சம்பளம் ஒரு மாதம் தவறினால் விசாரிப்போம். இரண்டாம் மாதமும் தவறினால், சங்கத்தையும் தொழிலாளர் துறை அலுவலகத்தையும் எழுத்துமூலம் நாடுவதோடு, வேறு வேலையும் தேடத் தொடங்குவோம். பழகிய இடத்தின் மீதுள்ள பற்று நம் கண்ணை மறைக்கலாகாது.

இவ்வளவும் செய்தால் வேலை போகாது என்று நாம் கூறவில்லை. போகும் நாளில் வெறுங்கையோடு நிற்கமாட்டோம் என்றே கூறுகிறோம்.