மேகத்தில் இருக்கிறதே என்று நம்பி...

நான் தில்லிக்கு வந்து சேர்ந்தது 1978-இல். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் ஒரு படுக்கைச் சுருள், அவ்வளவுதான். இன்று மயூர் விஹாரில் இருக்கும் இரண்டு அறை ஃபிளாட்டில் புதிதாக ஒரு பொருள் உள்ளே வர வேண்டுமானால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். இடமில்லை என்பது தில்லிவாசிகளான நம் எல்லோருக்கும் பழகிப்போன பாட்டு. ஆனால் லேப்டாப்பும் ஒருநாள் அதே பாட்டைப் பாடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படிப் பாடியபோது நான் செய்த காரியத்தையும், அதனால் இழக்க இருந்ததையும் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது பயன்படலாம்.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி. வெளியே நல்ல குளிர். ரஜாய்க்குள் கால்களை நுழைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்கில் இடமில்லை என்று அறிவிப்பு வந்தது. 256 ஜி.பி. என்று சொல்லி வாங்கிய மெஷின். விண்டோஸ் கணக்குப் போடும் முறையில் அது 238 என்றுதான் காட்டும். அதில் விண்டோஸும் மற்றப் புரோகிராம்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் நிரம்பி, பட்டை சிவப்பாகிவிட்டது.

எனக்கு ஆச்சரியம். ஏனென்றால், பூனாவில் இருக்கும் மகள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் "அப்பா, இனிமே உங்களுக்கு இடப் பிரச்சினையே கிடையாது" என்று சொல்லி, கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பில் 200 ஜி.பி. இடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். என் பெயரில் ஒரே கணக்கு. என் லேப்டாப், என் மனைவியின் ஃபோன், மகளின் லேப்டாப் மூன்றும் அதில் இணைந்திருந்தன. இங்கே 238, அங்கே 200, ஆக மொத்தம் 438 என்று பழைய அக்கௌண்ட்ஸ் மூளை கூட்டிப் பார்த்து மகிழ்ந்திருந்தது. அந்தக் கூட்டல்தான் முதல் தவறு.

குடும்ப ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அதற்குள் 'பழையவை' என்று ஒரு ஃபோல்டர், 46 ஜி.பி. 'இதெல்லாம் மேகத்தில்தான் பத்திரமாக இருக்கிறதே, இங்கேயும் எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்?' என்று அதை அப்படியே அழித்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. நம்மில் எத்தனை பேர் அவற்றைப் படிக்கிறோம்? 'சரி' என்று தட்டினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சிவப்புப் பட்டை நீலமாயிற்று. அலமாரியை ஒழித்துவிட்ட திருப்தியுடன் காபி குடிக்கப் போனேன்.

டிசம்பர் 28-ஆம் தேதி காலை மகளிடமிருந்து ஃபோன். பேரனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. "அப்பா, அப்பாயி பேசினதெல்லாம் இருந்துச்சே, அந்தத் தாலாட்டைப் போடலாம்னு தேடினேன். ஃபோல்டரையே காணோமேப்பா?"

அந்த நிமிடம் எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்பாயி என்று அவள் சொன்னது என் தாயாரை. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. யாரையாவது பிடித்து எழுதச் சொன்னால் "நலம், நலமறிய அவா" என்று அவர்கள் எழுதுவதுதான் கடிதமாக வரும். 1984-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மாமா ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். அன்று முதல் அம்மாவின் கடிதங்கள் கேசட்டில் வரத் தொடங்கின. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வருபவர் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்று விட்டது, கறுப்பு மாடு கன்று போட்டது, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் அதில் இருக்கும். இடையில் சேவல் கூவும். என் மகள் பிறந்த ஆண்டு வந்த கேசட்டில் ஒரு தாலாட்டு. ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும், "டேப்பு தீரப்போவுதுன்னு மாமா கையைக் காட்டுறான். மிச்சத்தை அடுத்ததுல சொல்றேன் தம்பி" என்பார்.

அப்படிப் பதினோரு கேசட்டுகள். அம்மா 1996-இல் காலமானார். 2019-இல் மாப்பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேரக் கேசட் ஒன்றுக்குச் சுமார் 600 எம்.பி. வீதம், பதினொன்றும் சேர்ந்து ஆறரை ஜி.பி.க்குச் சற்று அதிகம். மாற்றியாயிற்றே என்று, வீடு மாறும்போது கேசட்டுகளைத் தூக்கி எறிந்தவனும் நான்தான். காரணம் அப்போதும் அதேதான். இடமில்லை.

மகள்தான் பதறாமல் வழி சொன்னாள். மேகச் சேமிப்பின் வலைத்தளத்திற்குள் போய்ப் பார்த்தால், அங்கே தனியாக ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. அழித்தது முப்பது நாட்கள் அதில் கிடக்கும். பிறகு தானாகவே போய்விடும். அன்று இருபத்தாறாவது நாள். 'மீட்டெடு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர இரவு ஆகிவிட்டது. பேரனுக்கு ஜனவரியில் பிறந்தநாளாக இருந்து, மகள் ஒரு வாரம் கழித்துத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

லாக்கர் அல்ல, கண்ணாடி

தவறு யார் மீதும் இல்லை, என் புரிதலில்தான் இருந்தது. மேகம் என்பதை நான் பாங்க் லாக்கர் என்று நினைத்திருந்தேன். லாக்கரில் நகையை வைத்துவிட்டால் வீட்டில் அந்த இடம் காலி. வீட்டில் திருடு போனாலும் லாக்கரில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் 'சிங்க்' எனப்படும் ஒத்திசைவு லாக்கர் அல்ல. அது நிலைக்கண்ணாடி. நெற்றியில் பொட்டு வைத்தால் கண்ணாடியிலும் பொட்டு. நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, கண்ணாடியில் மட்டும் இருக்கட்டும் என்றால் இருக்குமா?

இந்த ஏற்பாடு எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். டிராப்பாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன், பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பஸ்ஸில் போகும்போது பென் டிரைவை மறந்துவிட்டு வந்த எரிச்சலில்தான் அந்த யோசனைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நிறுவனம் தொடங்கியது 2007-இல். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே ஃபைல் அதே நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். டிஸ்கில் இடத்தை மிச்சப்படுத்துவது ஆரம்ப நோக்கமே அல்ல. எனவே அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு மெஷினிலும் முழுப் பிரதி இருக்கும், ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

என் டிஸ்க் நிரம்பிய ரகசியமும் இதுதான். மனைவியின் ஃபோனில் எடுத்த படமெல்லாம் மேகத்துக்கு ஏறியது. மேகத்துக்கு ஏறியதெல்லாம் என் லேப்டாப்பில் இறங்கியது. 200 ஜி.பி. வாங்கியதால் என் டிஸ்க் வளரவில்லை. அதற்குள் வந்து கொட்டுவதற்கு மேலும் சரக்கு சேர்ந்தது.

நூலகச் சீட்டு

பிற்பாடு இந்த நிறுவனங்களே இன்னொரு வழியைக் கொண்டுவந்தன. நூலகங்களில் இழுப்பறை நிறையச் சீட்டுகள் இருக்குமே, நினைவிருக்கிறதா? புத்தகத்தின் பெயர் சீட்டில் இருக்கும். புத்தகம் உள்ளே அலமாரியில் இருக்கும். கேட்டால் எடுத்து வருவார்கள். அதே முறைதான். ஃபைலின் பெயர் மட்டும் லேப்டாப்பில் தெரியும். சொடுக்கினால் மேகத்திலிருந்து இறங்கி வரும்.

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இந்த வசதி 2017-இல் விண்டோஸ் 10-உடன் வந்தது. ஃபைலின் பக்கத்தில் நீல நிற மேகப் படம் இருந்தால் உங்களிடம் இருப்பது சீட்டு மட்டும். பச்சை டிக் இருந்தால் புத்தகமே கையில் இருக்கிறது. இடம் வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது. வலது பொத்தானைத் தட்டி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேகத்தில் புத்தகம் இருக்கும், இங்கே சீட்டு மட்டும் மிஞ்சும். எப்போதும் கையில் வேண்டியதற்கு 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்'. கூகுள் டிரைவில் 'மிரர்' என்றால் முழுப் பிரதி, 'ஸ்ட்ரீம்' என்றால் சீட்டு. ஆப்பிள் மேக்கில் 'ஆப்டிமைஸ்' என்ற பெயரில், இடம் குறையும்போது மெஷினே பழைய ஃபைல்களைச் சீட்டாக்கிவிடும்.

இதிலும் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, சீட்டுத்தானே என்று அதைக் கிழித்துப்போட்டால், அதாவது டெலீட் செய்தால், மேகத்தில் உள்ள புத்தகமும் போய்விடும். இரண்டாவது, இணைய இணைப்பு இல்லாத இடத்தில் சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரயிலிலோ, சிக்னல் கிடைக்காத அரங்கத்திலோ திறந்தால் பெயர் தெரியும், படம் வராது. மூன்றாவது, இவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கப் போனால், ஒவ்வொன்றும் முதலில் உங்கள் டிஸ்கில் இறங்கி, பிறகுதான் அங்கே போகும். மொத்தமாகச் செய்தால் நடுவில் மறுபடியும் சிவப்புப் பட்டைதான். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

ஃபோனிலும் இதே கதைதான். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தால் ஃபோனிலும் மேகத்திலும் சேர்த்தே போகும். மேகத்துக்கு ஏறிவிட்ட படங்களின் ஃபோன் பிரதியை மட்டும் நீக்க அதில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக இருக்கிறது. ஐஃபோனில் ஐகிளவுட் ஃபோட்டோஸ் போட்டிருந்தால், ஓரிடத்தில் அழித்த படம் எல்லா இடத்திலும் மறையும்.

நான் இப்போது செய்வது

ஒன்று: அம்மாவின் குரலுக்கு இப்போது மூன்று பிரதிகள். மேகத்தில் ஒன்று. என் பீரோவில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று. அதே போன்ற இன்னொரு டிஸ்க் பூனாவில் மகள் வீட்டில். ஹார்ட் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறேன். கழற்றி வைத்ததை எந்த ஒத்திசைவும் தொட முடியாது.

இரண்டு: எதையும் அழிக்கும் முன் வைஃபையை அணைத்துவிட்டு, வெளி டிஸ்கில் உள்ள பிரதியைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கிறேன். ஓடினால்தான் அது என்னிடம் இருக்கிறது என்று பொருள்.

மூன்று: ஃபைல் உண்மையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அறிய, விண்டோஸில் வலது பொத்தானைத் தட்டி 'ப்ராப்பர்டீஸ்' பார்க்கலாம். 'சைஸ்' என்று ஒரு கணக்கும் 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஒரு கணக்கும் இருக்கும். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது பூஜ்யமாகவும் இருந்தால், கையில் இருப்பது சீட்டு.

நான்கு: ஏதாவது அழிந்துவிட்டால் அன்றைக்கே மேகத்தின் குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். கூகுள் டிரைவிலும் சரி, தனிநபர்களுக்கான ஒன்டிரைவிலும் சரி, முப்பது நாட்கள்தான் கெடு. எல்லோருக்கும் பேரனின் பிறந்தநாள் சரியான நேரத்தில் வராது.

இதையெல்லாம் பட்டபின், நம் சங்கத்தின் பழைய பொங்கல் விழா, நாடக விழாப் படங்களை ஸ்கேன் செய்து வைத்தார்களே, அவை எங்கே இருக்கின்றன என்று செயலாளரைக் கேட்டேன். "எல்லாம் மேகத்துல இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றார். நான் கவலைப்பட்டேன். இப்போது சங்க அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அந்தப் படங்களில் இருப்பவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் இருப்பேன். லேப்டாப்பையோ ஃபோனையோ எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். வரும்வரை எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் பழைய கேசட் ஏதேனும் இருந்தால், அதையும் தூக்கி எறியாதீர்கள்.