பெற்றோர் கூட்டம் எத்தனை மணிக்கு?

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் முன்பே லயத்தை விட்டு இறங்கிவிடுகிறார். மாலையில் கொழுந்தை எடைபோட்டுத் திரும்புகையில் பள்ளி முடிந்திருக்கும். தாயும் ஆசிரியரும் ஒருவரையொருவர் காணாமலேயே ஓராண்டு கழிந்துவிடக்கூடும். இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று கூறுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இரு தரப்புக்கும் கடமை வகுத்துள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. ஆசிரியருக்கோ பாடத்தை உரிய காலத்தில் முடிப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து தேவையெனில் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது 21ஆம் பிரிவு.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், வேலைநாளின் முற்பகலில் கூட்டம் வைத்தால் வருவது யார்? 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். அத்தகைய வருவாயில் அரைநாள் கூலியை இழப்பது சிறிய செலவன்று.

மொழி மற்றொரு தடை. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது இத்தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் அமைந்தன. பிள்ளை மலையாள வழியில் பயின்றால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் சுற்றறிக்கை வெறும் தாள்தான். முதுவர் மக்கள் வாழும் இடமலக்குடியில் நிலைமை இன்னும் கடினம். அங்குக் குடிகளுக்கு இடையே காடும் மலையும் கிடக்கின்றன. பெற்றோர் வரட்டும் என்று ஆசிரியர் காத்திருக்க இயலாது. அவரே குடிகளைத் தேடி நடக்க வேண்டியதுதான்.

எழுத்தறியாத தாயால் என்ன செய்ய முடியும் என்று கேட்போர் உண்டு. இரவில் பத்து நிமிடம் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கே தடுமாறுகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். “நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்” என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதைவிட, இன்ன பாடத்தை இவ்வாரம் படிக்கக் கேளுங்கள் என்று ஆசிரியர் குறிப்பாகக் கூறுவது பயன் தரும்.

நம் வாடிக்கையாளர்களில் இத்தகைய பள்ளிகளின் பெற்றோரும் உண்டு, ஆசிரியரும் உண்டு. தோட்டத்துக்கும் பள்ளிக்கும் ஞாயிறே பொது விடுமுறை. பருவத்துக்கு ஒரு ஞாயிற்றில் லயத்தருகே கூட்டம் நடத்தவும், அதற்கு ஈடாக ஆசிரியருக்கு மாற்று விடுப்பு வழங்கவும் கோரி, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் எழுதிக் கல்வித் துறைக்கு அனுப்பலாம்.