நீலப்புகை வந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

டீசல் எஞ்சினின் ஹெட்டில் ஒவ்வொரு வால்வின் தண்டும் ஒரு கைடுக்குள் ஏறி இறங்குகிறது. அந்தக் கைடின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சிறு ரப்பர் உறைதான் வால்வு சீல். ராக்கர் பகுதியில் தெறிக்கும் ஆயிலில், தண்டு தேயாமல் இருக்கத் தேவையான மெல்லிய படலத்தை மட்டும் கீழே விட்டு, மிச்சத்தை அது தடுக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 முறை திறந்து மூடும். இந்த உரசலிலும் சூட்டிலும் ரப்பர் நாளடைவில் இறுகி, விளிம்பில் வெடிப்பு விடுகிறது.

அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் பகுதி லாரிகளில் இந்தப் பழுது வெளிப்படும் விதம் கவனிக்கத்தக்கது. 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையம், சரக்குப் பெட்டக முனையங்கள் என இங்கு லாரிகள் வரிசையில் காத்திருக்கும் இடங்கள் பல. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சூடு குறைவு. கைடு வழியே இறங்கும் ஆயில் முழுதாக எரியாமல் தேங்குகிறது. வரிசை நகர்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது நீலப்புகையாக வெளியேறுகிறது. இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் இப்படியே புகைந்து, சற்று நேரத்தில் அடங்கும்.

நீலப்புகை எல்லாமே வால்வு சீல் கோளாறு அல்ல. லோடுடன் ஓடும்போது தொடர்ந்து புகைந்து, பிரீதர் குழாயிலும் காற்று வேகமாக வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் ஆயில் கசிவையும் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் எல்லா சிலிண்டரும் சரியாக இருந்து, ஆயில் மட்டும் குறைந்தால் சீல் மீது சந்தேகம் வலுக்கிறது.

1980-களில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்துடன் இணைந்து அசோக் லேலண்ட் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் போன்றவற்றில், சிலிண்டருக்கு இரண்டு என 12 வால்வுகள் உண்டு. வால்வுகள் நேர்குத்தாக நிற்கும் இத்தகைய எஞ்சினில் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்ற வழி இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டால், ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு சிலிண்டருக்குள் விழாது. பிஸ்டன் மீதே தங்கிவிடும். 1-6, 2-5, 3-4 ஆகிய பிஸ்டன்கள் ஜோடியாக உச்சிக்கு வருவதால், எஞ்சினை மூன்று நிலைகளில் நிறுத்தினால் போதும்.

முதலில் ராக்கர் கவரையும் ராக்கர் ஷாஃப்டையும் கழற்றி, புஷ்ராடுகளை வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். புஷ்ராடு துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். வால்வு லாக் ஒன்று உள்ளே விழுந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்றும் வேலை வந்து சேரும். நெம்புகருவியால் ஸ்பிரிங்கை அழுத்தி, இரு லாக்குகளையும் காந்தத்தால் எடுத்து, ஸ்பிரிங்கையும் பழைய சீலையும் நீக்க வேண்டும். ஸ்பிரிங் கழற்றிய நிலையில் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

அடுத்த சோதனைதான் முக்கியம். தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் அதிகமிருந்தால் கைடு தேய்ந்திருக்கிறது. அந்தக் கைடில் புது சீல் போட்டாலும், ஆடும் தண்டு அதைச் சீக்கிரமே கிழித்துவிடும். அப்போது ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்புவதே சரி.

கைடு நன்றாக இருந்தால், தண்டில் ஆயில் தடவி, லாக் உட்காரும் பள்ளத்தின் கூர்விளிம்பு சீலைக் கிழிக்காதபடி பிளாஸ்டிக் உறையிட்டுப் புது சீலை இறக்க வேண்டும். பொருத்தமான குழாயால் நேராக அழுத்தினால் அது கைடில் படியும். ஸ்பிரிங்கும் லாக்கும் மாட்டிய பின் தண்டின் தலையில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால், லாக் சரியாக உட்கார்ந்ததா என்பது தெரிந்துவிடும். 12 வால்வுகளும் முடிந்ததும் ராக்கரைப் பூட்டி, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுப்படி ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் செட் செய்ய வேண்டும்.

போர்ட்டிலும் சைலன்சரிலும் தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை புகை கொஞ்சம் தொடரும். அதன்பின் ஆயில் அளவு இறங்காமல் நின்றால் கோளாறு சீலில்தான் இருந்தது என்பது உறுதி. தொடர்ந்து இறங்கினால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.